திண்டிவனத்துக்குக் கரண்ட் கொடுக்காத ராத்திரி

போன மாதம் விழுப்புரத்தில் நடந்த ஓய்வுபெற்றோர் கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்த நண்பர், "ஒரு ராத்திரி முழுக்கத் திண்டிவனத்தை இருட்டுல போட்ட மகராசன் இவர்தான்" என்று அறிமுகம் செய்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. கீழே இறங்கியதும் ஓர் இளம் இன்ஜினியர் வந்து, "ஐயா, இப்பல்லாம் செல்போன்ல மெசேஜ் வந்தாலே லைனைப் போட்டுடறோம். அந்தக் காலத்துல ஆள் குரலைக் கேட்டாத்தான் போடுவீங்களாமே, நிஜமா?" என்று கேட்டார். நிஜம்தான். அந்தப் பிடிவாதத்தால்தான் பல வீடுகளில் அன்றைக்கு ஒப்பாரி எழவில்லை. இதை நின்ற வாக்கில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பெருமைக்காரன் என்று என் வீட்டுக்காரி ஆரோக்கியமேரியே சொல்லுவாள். இந்த ஒரு விஷயத்தில் பெருமைப்படாவிட்டால் வேறு எதில் படுவதாம்?

எனக்குச் சொந்த ஊர் கண்டமங்கலம் பக்கம். பள்ளிக்கூடப் படிப்பு முடிந்ததும் ஐம்பதுகளின் நடுவில் விழுப்புரம் சப்ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்ற பெயரில் எண்ணெய் துடைத்தேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், மீட்டர் பார்த்தேன், திட்டு வாங்கினேன். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம். பிறகு ஷிப்ட் ஆபரேட்டராக உட்கார வைத்தார்கள். வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி ஒருவர் முகம் சுளித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் தொழிலில் எல்.சி. என்று ஒன்று உண்டு. லைன் கிளியர். கம்பியில் வேலை செய்யப் போகிற லைன்மேன், சப்ஸ்டேஷனுக்கு டெலிபோன் செய்து, "இன்ன லைனில் வேலை செய்யப் போகிறேன், கரண்டை நிறுத்து" என்று கேட்பான். ஆபரேட்டர் கரண்டை வெட்டுகிற பிரேக்கரைத் திறப்பான், கைப்பிடியைப் பூட்டுவான், "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்ற சிவப்புப் பலகையை அதில் மாட்டுவான், சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வேலை முடிந்ததும் அதே லைன்மேன், தன் வாயால், "ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், லைனைப் போடலாம்" என்று சொல்லி எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கியவன்தான் திருப்ப வேண்டும். அவன் அண்ணன் சொன்னாலும் செல்லாது, அதிகாரி சொன்னாலும் செல்லாது.

விதி இப்படி. நடப்பு வேறு. லைன்மேனுக்குக் கம்பத்திலிருந்து இறங்கி டெலிபோன் இருக்கிற இடத்துக்கு நடக்கச் சலிப்பு. உதவியாளிடம், "நீ போய்ச் சொல்லிடு" என்பான். ஆபரேட்டரும் போட்டுவிடுவான். பல இடங்களில் பல காலம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் சப்ஸ்டேஷனில் மட்டும் அது ஓடாது. காரணம், எங்கள் சூப்பர்வைசர் தணிகாசலம்.

ஒல்லியான மனிதர். வெள்ளை டிரில் கால்சட்டை. மழை பெய்தால் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் நடந்து வந்து, கண்ட்ரோல் ரூம் வாசலில் காலைக் கழுவி, துடைத்து, மறுபடி பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். கைக்குட்டையால் பிரேக்கர் கைப்பிடியைத் தடவி, தூசி இருந்தால் அந்தக் கைக்குட்டையை நம் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போவார். நாம் துவைத்துக் கொடுக்க வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும், "நீ" என்பது "நீங்க" ஆகும். "சவரிமுத்து, நீங்க கொஞ்சம் வர்றீங்களா?" என்று அவர் மெதுவாகக் கேட்டால், பூட்டையும் பலகையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் எழுந்து போவேன்.

அவர் வைக்கிற பரீட்சை ஒன்று உண்டு. லைன்மேன் எல்.சி.யில் இருக்கும்போது, எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்த தன் குவார்ட்டர்ஸிலிருந்து நமக்குப் போன் செய்வார். "தணிகாசலம் பேசறேன். வேலை முடிஞ்சிட்டுது. லைனைப் போடுப்பா" என்பார். போடப் போனால் தொலைந்தோம். ஓர் ஆபரேட்டர் அப்படிப் பூட்டில் சாவியை நுழைக்கும்போது பின்னால் வந்து நின்று, "ஏங்க, நானா கம்பத்துல ஏறினேன்?" என்று கேட்டார். அந்த ஆள் அடுத்த வாரமே எண்ணெய் துடைக்கிற வேலைக்குத் திரும்பிவிட்டான். என்னையும் பலமுறை சோதித்தார். "சார், எல்.சி. வாங்கினது நீங்க இல்லைங்க" என்பேன். ஒரு வார்த்தை பேசாமல் டெலிபோனை வைத்துவிடுவார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். கடலூர்ப் பக்கம் புயல் கரையேறுகிறது என்று ரேடியோ காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரம் கூட்டேரிப்பட்டுக்கு அருகே புளியமரம் ஒன்று முறிந்து திண்டிவனம் லைன் மேல் விழுந்தது. லைன்மேன் ஏழுமலை எல்.சி. கேட்டார். கொடுத்தேன். பிரேக்கரைப் பூட்டி, பலகை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். திண்டிவனம் இருண்டது.

ஏழுமலை என்னைவிட மூத்தவர். அவர் குரல் தகரத்தை இழுக்கிற மாதிரி கரகரவென்று இருக்கும். ஆயிரம் பேர் நடுவில் பேசினாலும் அடையாளம் தெரியும்.

ராத்திரி ஆனது. மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. இடையில் ஒரு தடவை வாசலில் இருந்த வாட்ச்மேன், "சார், பிளேனு போவுது பாருங்க, இன்னா தாழ்வா போவுது!" என்றான். காதைத் தீட்டினேன். இடிக்கும் மழைக்கும் நடுவில் ஒரு இன்ஜின் சத்தம், ரயில்பாதையை ஒட்டி வடக்கே போய்த் தேய்ந்தது. இந்த மழையில் எவன்டா பறக்கிறான் என்று நினைத்தேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அரைமணி போல் கழித்து டெலிபோன் அடித்தது. கூட்டேரிப்பட்டு லைன் ஷெட்டிலிருந்து முருகேசன், ஏழுமலையின் உதவியாள்.

"சவரிண்ணே, மரத்தை அறுத்துப் போட்டாச்சு. எர்த்தும் எடுத்தாச்சு. லைனைப் போடுங்கண்ணே."

எர்த் என்பது வேலை நடக்கும்போது கம்பியைப் பூமியோடு இணைத்து வைக்கிற காவல். தவறிக் கரண்ட் வந்தாலும் அது தாங்கும். அதை எடுத்துவிட்டால் கம்பிக்கும் ஆளுக்கும் நடுவில் காவல் கிடையாது.

"ஏழுமலை எங்கடா?"

"பின்னால வந்துக்கினு இருக்காருண்ணே. என்னை முன்னால போவச் சொன்னாரு."

"வரட்டும். அவரைப் பேசச் சொல்லு."

"இன்னாண்ணே பேஜாரு பண்றீங்க! நானும் நனைஞ்சி வெறைச்சிப் போயிட்டேன். வேலை முடிஞ்சது நெஜம்தான்ண்ணே, ஜல்தி போடுங்க."

"வரட்டும்னேன் இல்ல?"

வாசகர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் முருகேசனுக்கும் அப்போது தெரியாது. முருகேசன் மழையில் ஷெட்டை நோக்கி வெகுதூரம் நடந்துவிட்ட பிறகு, அவன் காதுக்கு எட்டாத இடத்தில் அந்தச் சின்ன விமானம், இருட்டில் எங்கள் கம்பியில் மோதி, இரண்டு கம்பங்களைச் சாய்த்துக்கொண்டு, ஏரிக்குக் கீழே நெல் வயலில் விழுந்துவிட்டது. கம்பி விமானத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. உள்ளே ஒரு ஆள் உயிரோடு சிக்கியிருந்தான். ஏழுமலை முழங்கால் தண்ணீரில் நின்று, கட்டிங் பிளேயரால் அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள் சுற்றிலும் அதே தண்ணீரில் நின்றார்கள். நான் கைப்பிடியை மேலே தூக்கினால் அத்தனை பேரும் அங்கேயே முடிந்தார்கள்.

எங்கள் இலாகா டெலிபோன் பொதுக் கம்பி. ஒருவர் பேசினால் விழுப்புரம், கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் எல்லாக் காதிலும் விழும். முருகேசன் பேசியது திண்டிவனத்திலும் கேட்டது. அங்கே அன்றைக்கு எங்கள் டிவிஷனல் இன்ஜினியர் முகாம். பேர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். பயணியர் பங்களாவில் இருட்டில் கொசுக்கடி தாங்காமல் சப்ஸ்டேஷனுக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு அங்க ஆபரேட்டர்? மரத்தை எடுத்தாச்சுன்னு சொல்றான் இல்ல? ஏன் இன்னும் சார்ஜ் பண்ணல?"

"சார், ஏழுமலை இன்னும் பேசலைங்க."

"அவன் வந்து உனக்குப் பாட்டுப் பாடணுமா? நான் டி.இ. பேசறேன். போடு."

எனக்கு முதலில் வந்த எண்ணம் என்ன தெரியுமா? இது தணிகாசலம் வைக்கிற பரீட்சை, வேறு யாரையோ பேசச் சொல்லியிருக்கிறார் என்பதுதான்! அந்தத் தைரியத்தில் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன்.

"சார், எல்.சி. வாங்கினது நீங்க இல்லைங்க."

அப்புறம் வந்தது பாருங்கள்! தமிழிலும் இங்கிலீஷிலும் மாறி மாறி வந்த அந்த வசவில், இது பரீட்சை இல்லை, அசல் டி.இ.தான் என்பது எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

"உன் பேர் என்ன?"

"சவரிமுத்துங்க."

"நாளைக்குக் காலையில உனக்கு வேலை கிடையாது. புரியுதா? இப்ப போடறியா, இல்லையா?"

வீட்டில் ஆரோக்கியமேரி நிறைமாதம். அவள் முகம் கண்ணில் வந்தது. சட்டைப் பையில் சாவி கனத்தது. வேலை முடிந்தது என்று முருகேசன் சொல்லிவிட்டான், அதிகாரியே ஆணையிட்டுவிட்டார், போட்டால் என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஏழுமலை எங்கேயாவது மரத்தடியில் பீடி பற்ற வைத்துக்கொண்டு நிற்பார், அவருக்காக நான் ஏன் சாக வேண்டும் என்றுகூடத் தோன்றியது. கை சாவியைத் தொட்டது. ஆனால் அந்தக் கரகரத்த குரல் காதில் விழாமல் என்னால் அந்தக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. பழக்கம் என்று சொல்லுங்கள், வீம்பு என்று சொல்லுங்கள்.

"ஏழுமலை பேசினதும் போடறேங்க சார்" என்றேன். "முருகேசா, லைன்லதான இருக்கே? போய் அவரைக் கையோட கூட்டிக்கினு வாடா" என்று கத்தினேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

டி.இ. அடுத்து தணிகாசலம் வீட்டுக்கு மணி அடித்தார். கொஞ்ச நேரத்தில் குடையும் பூட்ஸுமாக அவர் வாசலில் வந்து நின்றார். காலைக் கழுவினார். துடைத்தார். பூட்ஸை மாட்டி, நாடாவை நிதானமாகக் கட்டினார். என் உயிர் போய்ப் போய் வந்தது. விதியைச் சொல்லிக்கொடுத்தவரே இன்றைக்கு அதை மீறச் சொன்னால் நான் எங்கே போவேன்?

"சவரிமுத்து, நீங்க ஏழுமலை குரலைக் கேட்டீங்களா?"

"நீங்க" என்கிறார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"இல்லைங்க சார்."

தலையை ஆட்டிவிட்டு டெலிபோனை வாங்கினார். "சார், தணிகாசலம். சாவி ஆபரேட்டர் பாக்கெட்டுல இருக்குதுங்க. அதை நான்கூடக் கேக்க முடியாதுங்க. நீங்களும் கேக்க முடியாதுங்க" என்றார். அவர் கோபம் என் மேல் இல்லை! ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிரேக்கருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். அந்த ஸ்டூலுக்கு ஒரு சிம்மாசனம் ஈடாகுமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி மணி அடித்தபோது முருகேசன் குரல் அவன் குரலாக இல்லை.

"சவரிண்ணே! போட்டுட்டீங்களா? போட்டுடாதீங்கண்ணே! சாமி, போட்டுடாதீங்க!"

"போடலடா. போடல. என்ன ஆச்சு, சொல்லு."

"பிளேனுண்ணே! நம்ம கம்பியில மாட்டி வயல்ல வுழுந்து கெடக்குது! அண்ணன் உள்ள இருக்கிற ஆளை எடுக்கறதுக்குக் கம்பியை வெட்டிக்கினு இருக்காரு. ஜனம் பூரா தண்ணியில நிக்குதுண்ணே. நான் பாட்டுக்குப் போடச் சொல்லிட்டேனே..." விம்மினான்.

தணிகாசலம் எழுந்து போய்ப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு டி.இ.யின் குரல், மிகவும் தாழ்ந்து வந்தது.

"முருகேசன், அடிபட்டவனுக்கு உயிர் இருக்கா?"

"இருக்குதுங்கையா. முனகறான்."

"நான் டாக்டரைக் கூட்டிட்டு வரேன். தணிகாசலம், அந்த லைனை யாரும் தொடக்கூடாது."

சொன்னதைச் செய்தார். அதை மறைக்கக் கூடாது. திண்டிவனம் ஆஸ்பத்திரி டாக்டரை எழுப்பி, தன் ஜீப்பில் ஏற்றி, சாலையில் விழுந்து கிடந்த கிளைகளைத் தாமே இழுத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போனவர்கள். ஓட்டியவர் மோதியபோதே இறந்துவிட்டார். முப்பது வயதுகூட இராது என்றார்கள். தப்பியவர் மெக்கானிக், பெயர் கோவிந்தராஜ். இரண்டு காலும் தகரத்துக்கு நடுவில் மாட்டியிருந்தது. கம்பிகளை வெட்டி, கடப்பாரையால் தகரத்தை நெம்பி, ஊர்க்காரர்கள் அவரை வயலிலிருந்து தூக்கி வந்தார்கள். ஜீப் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஒரு கால் கொஞ்சம் குட்டையானதே தவிர உயிருக்குப் பழுதில்லை.

நான் பிறகு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் ஒன்று சொன்னார். புயலில் வழி தவறாமல் இருக்க ரயில்பாதையைப் பிடித்துக்கொண்டு தாழப் பறந்தார்களாம். திண்டிவனத்து விளக்குகளைத் தேடிக்கொண்டே வந்தாராம் அந்தப் பைலட். விளக்கே தெரியவில்லையாம். இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. முருகேசனின் போன் வருவதற்கு முன்பே பிளேன் விழுந்துவிட்டது; அதற்குமுன் யார் நினைத்தாலும் விளக்கு எரிந்திருக்காது. அது தெரிந்தும் உறுத்துகிறது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில், முகம் பார்க்காத அந்தப் பிள்ளைக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.

பொழுது விடிந்தது. என் ஷிப்ட் முடிந்து அடுத்த ஆபரேட்டர் வந்தார். விதிப்படி சாவியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கலாம். "நான் கொடுத்த எல்.சி., நான்தான் வாங்குவேன்" என்று அடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து ஒரு நிமிஷம் நின்றாலும் விரட்டுகிற தணிகாசலம் அன்றைக்கு விரட்டவில்லை. தம் வீட்டிலிருந்து எனக்கு இட்லி வரவழைத்தார். ஆரோக்கியமேரிக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்.

அன்றைக்கு முழுக்க ஏழுமலையும் ஆட்களும் புதுக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். சாயங்காலம் டி.இ. விழுப்புரம் வந்தார். சட்டையெல்லாம் சேறு. நேராக என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"உட்காரப்பா" என்றார். "அந்த வயலைப் பார்த்துட்டு வரேன். நான் சொன்னதை நீ கேட்டிருந்தா..." என் தோளில் கையை வைத்தார். "உன் வேலை எங்கேயும் போகாது. அதை நான் பார்த்துக்கறேன்." அடுத்த மாதமே என்னை நிரந்தரமாக்கினார்கள்.

டெலிபோன் அடித்தது. டி.இ. இன்னும் என் பக்கத்திலேயே நிற்க, நான்தான் எடுத்தேன்.

"சவரி." தகரம் இழுபட்டது.

எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. "ஏண்ணே, அறிவிருக்கா உங்களுக்கு? எர்த் இல்லாத கம்பியை எப்படிண்ணே கையால தொட்டீங்க? முருகேசன் வந்து போடச் சொல்லிட்டானே! டி.இ. போடச் சொல்லிட்டாரே!"

"முருகேசன் வாய் சும்மா இருக்காதுன்னு தெரியும்டா. எர்த்துக் கம்பியைப் போய் எடுத்தாந்து மாட்டலாம்னா அந்த பிளேன் ஆளு உள்ள கத்திக்கினு இருக்கான். இன்னா பண்றது? யார் இன்னா சொன்னாலும் எங்குரலைக் கேக்காம நீ போடமாட்டே. அதான் தொட்டேன்."

டி.இ.யும் தணிகாசலமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"யார் பேசறது?"

"ஏழுமலை பேசறேன். ஆளுங்க எல்லாம் எறங்கிட்டாங்க. எர்த் எடுத்தாச்சு. எல்.சி. திருப்பறேன். போடு."

சிவப்புப் பலகையைக் கழற்றினேன். பூட்டைத் திறந்து, கைப்பிடியை மேலே தூக்கினேன். மீட்டர் முள் எழுந்து நின்றது. திண்டிவனத்தில் விளக்கு எரிந்தது.